பாலுக்கும் உன் அப்பாவுக்கும் வந்த பழி

வளர்ந்துவிட்ட பிரபுவுக்கு,

நீ இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாய். அந்தப் பிரபுவுக்கு நான் இதை எழுதவில்லை. என்னைவிட உயரமாகி, தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, அம்மா சொல்வதில் பாதியை நம்பாத வயதுக்கு வந்திருக்கும் இன்னொரு பிரபுவுக்கு எழுதுகிறேன். அவனை நான் பார்ப்பேனா என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பேன் என்றுதான் நம்புகிறேன். பார்ப்பேனா என்பதில்தான் சந்தேகம். என் இடது கண்ணுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. வலது கண்ணுக்கு இந்தக் காகிதம் தெரிகிறது, அதுவும் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் பெரிது பெரிதாக எழுதினால். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடிக்கிறது. அதனால் இந்தக் காகிதக் கட்டு கனமாக இருக்கும். இந்த வலது கண்ணுக்கும் டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும் என்று போன வருஷமே நினைத்தேன். தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரி. அது உனக்குப் போகப் போகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நம் பால் பூத்திலிருந்து வந்து, பாலைக் காய்ச்சி ஆற்றி, டம்ளரை உன்னிடம் நீட்டினார். நீ வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். “நீ குடுத்த பாலாலதான் அம்மாவுக்குக் கண்ணு போச்சாமே? மாமா சொன்னாரு” என்றாய். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். “போடா, உங்க மாமனுக்கு வேற வேலையில்ல” என்று ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர்தானே. அவர் சிரிக்கவில்லை. அப்புறம் “ஆமாண்டா” என்றார். அவ்வளவுதான். டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பூத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

அந்த ஆமாம் பொய். அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை காகிதம். உடனே உன்னைப் பிடித்து உட்கார வைத்து, “அப்படி இல்லடா” என்று சொன்னேன். “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டு பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாய். ஏழு வயதில் அவ்வளவுதான் முடியும். ஆனால் அப்பா வாயால் வந்த ஆமாம் உனக்குள் தங்கிவிடும். உன்னோடு சேர்ந்து அதுவும் வளரும். இருபது வயதில் ஏதோ ஒரு சண்டையில் அதை எடுத்து அவர்மேல் வீசுவாய். அவர் அப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வார். அந்த நாளுக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை வந்தது கல்யாணத்துக்குப் பிறகு இல்லை. உன் அப்பா வீட்டுப் பாலைக் குடித்தும் இல்லை. காக்ஸ் டவுனில் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது, ஆறு வாரத்தில் பாதியாக இளைத்து, தண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். அது சின்ன வயதில் வரும் வகை. மாத்திரைக்கு அடங்காது, ஊசிதான். அன்றிலிருந்து தினமும் தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன், பி.எட். முடித்தேன், பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனேன். எங்கள் அப்பா இறந்துவிட்டதால் உன் மாமாதான் எனக்கு எல்லாம். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்து, ஓவர்டைம் பணத்தில் எனக்கு ஊசி வாங்கிக் கொடுத்தவர். இதை மறந்துவிட்டு நீ அவர்மேல் கோபப்படக் கூடாது. அவர் சொன்னது தப்பு. என்மேல் இருக்கிற பாசத்தில் வந்த தப்பு அது.

ஜோகுபாளையத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஊசி மேட்டர இப்ப எடுக்காத. தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நான் கேட்கவில்லை. உன் அப்பா தனியாகப் பேச வந்தபோது பயந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு ஷுகர் இருக்கு, தினமும் ஊசி போட்டுக்கணும், மருந்த சூட்டுல வைக்கக் கூடாது, குழந்தை பெத்துக்கறது கஷ்டம்னும் சொல்றாங்க என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்ன ஒரே பதில்: “எங்க பூத்துல பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கு.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே மாமா திகைத்துப் போயிருப்பார். நான் ஏதோ அழப்போகிறேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்குகிற வரைக்கும் என் இன்சுலின் தயிர் பாக்கெட்டுகளுக்கு நடுவில்தான் இருந்தது. கரண்ட் போனால் உன் அப்பா பாலைப் பற்றிக் கவலைப்படமாட்டார். என் மருந்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவார், அங்கே ஜெனரேட்டர் இருந்தது. நீ வயிற்றில் இருந்தபோது தினமும் பலமுறை ஊசி. எனக்கு அலுத்துப்போனால் அவர் போடுவார். “டீச்சரே, கண்ண மூடிக்கோ, கொசு கடிச்சா மாதிரி இருக்கும்” என்பார். “எனக்குப் பத்து வருஷமாத் தெரியும், நீங்க கண்ண மூடாம போடுங்க” என்பேன். நீ நல்லபடியாகப் பிறந்தாய். ஆனால் பிரசவம் சர்க்கரைக்காரியின் கண்ணை வேகமாகக் கெடுக்கக்கூடும் என்று அப்போதே டாக்டர்கள் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொன்னார்கள். உன் காய்ச்சல், உன் பல், உன் ஸ்கூல் அட்மிஷன் என்று ஒவ்வொரு வருஷமும் நான் கண்ணைக் காட்டப் போகவில்லை. நன்றாகத் தெரிகிற கண்ணை எதற்குக் காட்டுவது என்றும் இருந்தது. இதில் உன் மேலும் பழி இல்லை. சாக்கு சொல்கிறவளுக்கு ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பாலுக்கு வருகிறேன். பூத் வைத்திருக்கிற வீட்டில் பால் எப்படி என்று உனக்குத் தெரியும். லாரியிலிருந்து பாக்கெட் அடுக்கின கிரேட் பெட்டிகளை இறக்கும்போது ஓட்டை விழுந்த பாக்கெட்தான் நம் வீட்டுக்கு. முழு பாக்கெட் விற்பதற்கு. நானும் வந்த நாளிலிருந்து ஒழுகின பாலில்தான் காப்பி போட்டேன், தயிர் உறைய வைத்தேன். ஒருநாள் உன் அப்பா ஏஜென்டுகள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வழக்கமாக அங்கே கமிஷன் பற்றிச் சண்டை போட்டுவிட்டு எரிச்சலோடு வருவார். அன்று கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்போல வந்தார். யாரோ ஒரு டாக்டரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் பாலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, ஆடை எடுத்த பாலும் மோரும் நல்லதுதான், பாலில் இருக்கிற சில சத்துகள் ரத்தக் குழாயை இளக வைக்கும், பி.பி.யைக் குறைக்கும் என்று அவர் பேசியிருக்கிறார். “இத்தன வருஷமா உன்ன வீட்ல வச்சிக்கினு பால் விக்கறமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும் டீச்சரே. இன்னிக்கிதான் மனசு லேசாச்சி” என்றார். அப்படி ஒரு உறுத்தல் அவருக்கு இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு மட்டும் முழு பாக்கெட். ஒழுகாதது. அவரே காய்ச்சுவார், ஆற வைப்பார், ஆடையை ஒரு சின்னக் கரண்டியால் துளி மிச்சமில்லாமல் எடுப்பார். திரும்பக் காய்ச்சி மறுபடியும் எடுப்பார். காலையில் பால், மத்தியானத்துக்கு ஒரு பாட்டில் நீர்மோர், உப்பு கம்மியாக. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்துகொள்வார். பாலிலும் சர்க்கரை உண்டு, அதற்குத் தகுந்தபடி ஊசியைக் கூட்ட வேண்டும், அதை நான் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் கண்ட பலகாரமும் தின்பதை விட்டேன், அவருக்குத் தெரிந்தால் முகம் வாடிவிடுமே என்று. டெஸ்ட் எடுத்தபோது எல்லாம் முன்னைவிட நன்றாக வந்திருந்தது, பி.பி.யும்தான். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னா டீச்சரே, என் பாலு பாஸா ஃபெயிலா?” என்றார். “ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன். பூத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். பிரபு, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வியாதியை வைத்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்த காலம் அது ஒன்றுதான்.

அந்த நம்பிக்கையில்தான் கண் டாக்டரிடம் போனோம். நல்ல ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு சபாஷ் வாங்கிக்கொண்டு வரலாம் என்பதுபோல. சொட்டு மருந்து போட்டு, விழியை விரிய வைத்து, அந்த டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “லேட் மாடபேடி”, தாமதிக்காதீர்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். கண்ணின் பின்சுவரில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் பல வருஷச் சர்க்கரையில் அடைபட்டிருக்கின்றன. பட்டினி கிடக்கிற இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. அவை பலம் இல்லாதவை, எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம். இரண்டு கண்ணிலும் லேசர் வைக்க வேண்டும், சீக்கிரம். அதனால் இருட்டில் பார்வை கொஞ்சம் குறையும், ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், நடுப்பார்வையைக் காப்பாற்ற அதுதான் வழி என்றார்.

உன் அப்பாவுக்கு லேசர் என்றால் சூடு வைப்பது என்று மட்டும் புரிந்தது. “கண்ணுல சூடு வைக்கறதாம்மா? இப்பதான் ஷுகரு நல்லா வருது, பி.பி. நல்லா இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பால், மோருன்னு பாத்துட்டு அப்புறமா வைக்கலாமா?” என்று கேட்டார். கவனி. கேட்டார், அவ்வளவுதான். அந்த டாக்டர் அவரைத் திட்டவில்லை. “பாலு குடுங்க, நல்லதுதான். ஆனா அது இந்த வேலை செய்யாது. இது உடையற குழாய்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “நீங்க டீச்சர். உங்களுக்குப் புரியும். எப்ப வரீங்க?” என்றார்.

எனக்குப் புரிந்தது. அந்த அறையில் டாக்டருக்கு அடுத்தபடி விஷயம் முழுவதும் புரிந்தது எனக்குத்தான். ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரு வரிசை உயிரணுக்கள் மெல்லிய பூச்சு மாதிரி அமைந்திருக்கும். அது நன்றாக இருந்தால்தான் குழாய் தேவைக்கு விரியும், சுருங்கும். அதைப் பத்துப் பதினைந்து வருஷம் சர்க்கரை அரித்துவிட்டால் ஒரு டம்ளர் பால் திருப்பிக் கட்டித் தராது. நல்லபடியாக இருக்கிற குழாய்களை அப்படியே வைத்துக்கொள்ளப் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உதவலாம். அது வருஷக் கணக்கில் நடக்கிற மெதுவான வேலை. இதையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவள். ஆனாலும் உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். லேசருக்குப் போனால் அவர் பால் ஃபெயில் என்று ஆகிவிடும். அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிற அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கும் பயம். கண்ணுக்குள் வெளிச்சம் குத்துமோ, கடைசி பெஞ்சுப் பையன்கள் தெரியாமல் போய்விடுவார்களோ என்று பயம். “பரீட்ச முடியட்டும் டாக்டர். லீவுல வந்து வச்சுக்கறேன்” என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது உன் அப்பா இல்லை. படித்த நான். டாக்டர் வேண்டாம் என்றார். நான் மறுபடியும் லீவு என்றேன். வெளியே வந்ததும் உன் அப்பா ஆட்டோ பிடிக்காமல் கொஞ்ச தூரம் நடந்தார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்சவ” என்றார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

லீவு வருவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. போர்டில் ஒரு சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் எழுதிய வெள்ளைக்கு மேலே கறுப்பாக ஒரு நூல் இறங்கியது. போர்டைத் துடைத்தேன். நூல் போகவில்லை. திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன், அவர்கள் முகத்தின் மேலும் அது இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் நூல் புகையானது, இரண்டு கண்ணிலும். வலி இல்லை, ஒரு சொட்டு வலிகூட இல்லை. “மிஸ், பாதியில நிறுத்திட்டீங்க” என்று ஒரு பெண் சொன்னாள். “நீ வந்து முடி” என்று சொல்லி சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தேன். அவள் தப்பாக முடித்தாள். சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது, மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. ரத்தத்தை எடுத்தார்கள், ஆனால் பின்சுவர் இழுபட்டுக் கிழிந்துவிட்டிருந்தது. வலது கண்ணில் கசிந்த ரத்தம் தெளிந்ததும் அதற்கு லேசர் வைத்தார்கள். அது அப்படி ஒன்றும் பயங்கரமில்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். கேமரா ஃப்ளாஷ் மாதிரி பளிச் பளிச்சென்று வரும், தலை வலிக்கும், வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கா பயந்தோம் என்று இருந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டு, டாக்டர் சொன்னபடி குப்புறப் படுத்திருந்தபோது மாமா பீன்யாவிலிருந்து ஷிஃப்ட் முடித்து ஓடி வந்தார். உன் அப்பா அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். தன்னைப் பற்றிச் சொன்னாரே தவிர என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பால் கொடுத்தேன், சூடு வேண்டாம் என்று கேட்டேன், இவ்வளவுதான். மாமா வார்டு என்றும் பார்க்காமல் கத்தினார். “மாப்ளே, நீ பால் விக்கறவன். வித்தமா, துட்ட எண்ணினமான்னு போவணும். உன்ன எவன் வைத்தியம் பாக்கச் சொன்னான்? என் தங்கச்சி கண்ண பால் ஊத்தி அணைச்சிட்டியே!” நான் குப்புறக் கிடந்தேன். “அண்ணா, நாள் தள்ளினது நான்தான்” என்று சொல்ல வாய் இருந்தது. சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாராவது எனக்காகக் கத்துவது எனக்கு இதமாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் சொன்னேன். தாமதமாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. போன வாரம்கூட மாமாவிடம் மறுபடி சொன்னேன். “நீ புருஷன உட்டுக்குடுக்க மாட்ட, எனக்குத் தெரியாதா” என்று சிரித்தார். உன் அப்பாவிடம் சொன்னால், “நான் பாலு பாலுன்னு உசுர எடுக்கலன்னா நீ அன்னிக்கே வச்சிட்டிருப்பே” என்கிறார். அது முழுக்கப் பொய்யும் இல்லை, அதனால்தான் எனக்கு வாதாட வரவில்லை. எனக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதை அவர் நிறுத்திவிட்டார். தனக்கும் கடுங்காப்பிதான். பூத்தில் யாராவது ஷுகருக்குப் பால் நல்லதா என்று கேட்டால், “டாக்டரக் கேளுங்க” என்று சில்லறையை நீட்டிவிடுகிறாராம். பூத்தை யாருக்காவது விட்டுவிட்டு பீன்யாவில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று மாமாவிடமே கேட்டிருக்கிறார். தன்னைப் பார்த்துக் கத்திய மனிதரிடமே போய்க் கேட்டிருக்கிறார் பார். அவருக்கு மிச்சமிருந்தது நீ ஒருவன்தான். உனக்குப் பால் காய்ச்சுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அதையும் வேண்டாம் என்றாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் அம்மா என்றால் சொல்லத்தான் சொல்வாள். பால் குடி. தயிர் சாப்பிடு. அது நல்ல சாப்பாடு. உனக்கும் என் ரத்தம்தான் ஓடுகிறது, அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக்கொள். இருக்கிறது என்று தெரிந்தால், அன்றே கண்ணைக் காட்டு, காலைக் காட்டு, சிறுநீரைக் காட்டு. நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்டு. குழாய் கெடுவது வலிக்காது, அது சொல்லிவிட்டு வராது. ரிப்போர்ட்டில் ஒரு எண் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணாதே. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பிடச் சொன்னால், கெடுதல் இல்லாததாக இருந்தால் சாப்பிடு, அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடு. சாப்பிட்டுவிட்டு அதே நாளில் டாக்டரிடம் போ. இரண்டையும் செய்யலாம், பிரபு. நான் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நினைத்துவிட்டேன். அவர் மனசு நோகக் கூடாது என்று என் கண்ணைத் தள்ளிவைத்தேன். கடைசியில் அவர் மனசுதான் அதிகம் நொந்தது. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றால் அவரிடம் “இது போதாது” என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். உனக்குக் கல்யாணம் ஆகும்போது இதை ஞாபகத்தில் வை.

இன்னொன்று. உன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தோம் இல்லையா, அன்று நடந்தது உனக்குத் தெரியாது. மேடை எனக்கு வெளிச்சமும் கலருமாகத்தான் தெரிந்தது. உன் அப்பா என் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். “முன்னாடி நிக்கறான். நட்ட நடுவுல. சூப்பரா ஆடறான்.” எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெண் திரும்பி, “உங்க பையன் பின்னாடி மூலைல இருக்கானேங்க? எல்லாரும் வலது கால் வச்சா அவன் இடது கால் வைக்கறான்” என்றாள். “அது வேற பையன்மா” என்றார் உன் அப்பா கொஞ்சமும் கூசாமல். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உள்ளதை உள்ளபடி சொன்னார்: “மூலைலதான் நிக்கறான். சட்ட பெருசு, தோள்ல நிக்கல. முன்பல்லு ஓட்ட தெரியறா மாதிரி சிரிக்கறான். காதோரம் வேர்த்து ஊத்துது. நம்மளத்தான் தேடறான். இப்ப பாத்துட்டான்.” அந்த இடத்தில் உன்னை நான் பார்த்தேன். என் கண் நன்றாக இருந்த காலத்தில்கூட உன்னை அவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தினமும் அவரிடம் கேட்பேன், பிரபு இன்னைக்கு எப்படி இருந்தான் என்று. முட்டியில் காயம், சட்டைப் பித்தான் அறுந்தது, தூங்கும்போது வாய் திறந்திருந்தது, எல்லாம் சொல்வார்.

நேற்றுக் கேட்டேன். “தெரியல டீச்சரே. என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறான்” என்றார்.

நீ குழந்தை, இந்தக் கோபத்தை நாலு நாளில் மறந்துவிடுவாய், திரும்ப அவர் தோளில் ஏறுவாய். அந்தப் பிரபுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெரிய பிரபுவைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அவர்மேல் உனக்கு வேறு கோபங்கள் வரலாம், வரட்டும், அப்பா பிள்ளை என்றால் வரும். என் கண்ணை அதற்குள் கொண்டுவராதே. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடாதே. வாசலில் கொஞ்சம் நில். பெருமாளைப் பார்க்கிற மாதிரி உன்னை மேலிருந்து கீழே பார்ப்பார், உனக்குக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள். அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, அவருக்குப் போதும் என்கிற வரைக்கும் நில். அவர் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொல்ல வேண்டும்.

அம்மா